மின்னஞ்சல் மென்பொருள் கடவுச்சொல்லை மறப்பது ஏன்?

சென்ற ஆண்டு எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு பஞ்சாயத்துக் காரியாலயத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்குக் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சாயத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல் அதில் கொட்டை எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. வீட்டு வரி செலுத்த வருவோர் எவரும் அதைப் படிக்கலாம். இஃது ஏன் என்று செயலரைக் கேட்டேன். "ஐயா, தினம் காலையில் திறந்தவுடன் பாஸ்வேர்டு கேட்கிறது. நினைவில் வைத்துக்கொள் என்று 'டிக்'கும் போடுகிறேன். மறுநாள் மறுபடியும் கேட்கிறது. அது கேட்கக் கேட்க நானும் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்" என்றார். காகிதத்தை அகற்றச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். காரணத்தை ஆராயாமல் வந்தது என் தவறு. அதனால் நேர்ந்ததைப் பின்னர்க் கூறுகிறேன்.

அக்காரியாலயத்தில் உபயோகிக்கப்படுவது 'தண்டர்பேர்டு' என்னும் மின்னஞ்சல் மென்பொருள். 2004-ஆம் ஆண்டில் இதன் முதற்பதிப்பு வெளிவந்தது. விலையின்றிக் கிடைப்பதால் பல இடங்களில் இதனைக் காணலாம். கடவுச்சொல் கேட்கும் சிறு சாளரம் திரையில் தோன்றியதும், "மென்பொருள் மறந்துவிட்டது" என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் அச்சாளரம் தோன்றுவதற்கு முற்றிலும் வேறான இரு காரணங்கள் உண்டு. ஒன்று, நாம் ஒப்படைத்த சொல்லை மென்பொருள் உண்மையிலேயே இழந்திருக்கலாம். மற்றொன்று, மென்பொருள் அதனைப் பத்திரமாக வைத்திருந்தும், தொலைவிலிருந்து நம் அஞ்சலைக் காக்கும் கணினியாகிய 'சர்வர்' அதனை ஏற்க மறுக்கலாம். குதிரில் நெல் இல்லாமற்போவதும், நெல் இருந்தும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் மிகுதி என்று திருப்பி விடுவதும் ஒன்றல்லவே! இரண்டிலும் கையில் பணம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் பரிகாரம் வேறு வேறு.

எது காரணம் என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடங்கள் போதும். கடவுச்சொல்லைக் கொடுத்து, நினைவில் வைக்குமாறு கூறும் கட்டத்தில் அடையாளமிட்ட பின்னர், மென்பொருளின் 'செட்டிங்ஸ்' பகுதிக்குச் சென்று, 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி' என்ற தலைப்பின் கீழ் 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' என்னும் பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் அஞ்சலுக்குரிய வரிகள் அங்கே காணப்பட வேண்டும். பின்பு மென்பொருளை மூடி, கணினியையும் நிறுத்தி, மீண்டும் திறந்து அதே பட்டியலைப் பாருங்கள். வரிகள் மறைந்துபோயிருந்தால் குறை நம் கணினியில் உள்ளது. வரிகள் இருந்தும் கேள்வி தொடர்ந்தால் மறுப்பது சர்வர்.

முதலில் இழப்பைப் பற்றிக் கூறுவோம். தண்டர்பேர்டு தனக்கென ஒரு கோப்புறை வைத்துக்கொண்டு, அதனுள் இரண்டு கோப்புகளில் இக்காரியத்தை நடத்துகிறது. 'லாகின்ஸ்.ஜேசன்' என்பதில் கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்பட்டு இருக்கும். அவற்றைப் படிப்பதற்கான திறவுகோல் 'கீ4.டிபி' என்பதில் இருக்கும். பெட்டியும் சாவியும் போல ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது. கணினி நடுவில் மின்சாரமின்றி நின்றுபோனாலோ, வட்டில் இடமின்றிப் போனாலோ இவற்றில் ஒன்று பழுதாகக்கூடும். அப்பொழுது எத்தனை முறை அடையாளமிட்டும் பயனில்லை. மென்பொருளின் 'ஹெல்ப்' பகுதியில் உள்ள 'டிரபிள்ஷூட்டிங் இன்பர்மேஷன்' என்ற பக்கத்திலிருந்து அக்கோப்புறையைத் திறக்கலாம். திறந்தபின் மென்பொருளை மூடிவிட்டு, கோப்புறை முழுவதற்கும் முதலில் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். பிறகு மேற்கூறிய இரு கோப்புகளையும் அழிக்காமல், அவற்றின் பெயரை மட்டும் மாற்றுங்கள். மறுபடி திறந்தால் மென்பொருள் புதிய கோப்புகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இவ்வாறு செய்தால் சேமித்த சொற்கள் யாவும் நீங்கிவிடும். ஆகையால் அவை அனைத்தும் உங்களுக்கு நினைவில் உள்ளனவா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோப்புகள் நன்றாக இருந்தும் வரிகள் மறையுமானால், வேறு யாரோ துடைக்கிறார்கள் என்று பொருள். கணினியைச் சுத்தம் செய்து விரைவாக்குவதாகக் கூறும் மென்பொருள்கள் சில உண்டு. வீடு பெருக்குகிறேன் என்று வந்தவர் பெட்டியிலிருந்த பத்திரத்தையும் குப்பையோடு வாரிக்கொண்டு போவதுபோல, இவை சேமித்த கடவுச்சொற்களையும் அழித்துவிடக்கூடும். இன்னொன்று, விண்டோஸில் நம் கணக்கு பழுதாகி, தற்காலிகக் கணக்கு ஒன்று திறக்கப்படுவது. அதில் செய்தவையெல்லாம் வெளியேறியவுடன் மறைந்துவிடும். "மேசைமேல் வைத்த கோப்புகளும் காணோம்" என்று யாரேனும் கூறினால் இதனைச் சந்தேகிக்கலாம்.

எல்லாப் பழியையும் எழுத்தர் தலையில் சுமத்துவதும் முறையன்று. 2020-ஆம் ஆண்டில் வெளியான 'விண்டோஸ் 10, பதிப்பு 2004' என்பதில், அவுட்லுக்கும் வேறு பல மென்பொருள்களும் கடவுச்சொற்களை மறக்கலாயின. குறித்த வேளையில் பின்னணியில் தாமே இயங்கும் சில பணிகள் இதற்குக் காரணமென்று அறியப்பட்டது. அவற்றை நிறுத்தி வைக்குமாறு மைக்ரோசாப்ட் நிறுவனம் முதலில் வழி கூறி, 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருத்தத்தை வெளியிட்டது. அதுவரை எத்தனை அலுவலர்கள் தம் ஞாபகசக்தியையே சந்தேகித்தார்களோ!

இனி சர்வர் மறுப்பது. கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருந்தால் பட்டியலில் பழைய சொல்லே நின்றிருக்கும். கடிதம் பெறுவதற்கு ஒரு வரியும் அனுப்புவதற்கு ஒரு வரியும் தனித்தனியே உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்றை மட்டும் திருத்தினால் கடிதம் வரும், போகாது. பழைய வரிகள் இரண்டையும் நீக்கிவிட்டுப் புதிதாகக் கொடுப்பதே நலம்.

ஜிமெயில் உபயோகிப்போர் மற்றொரு மாறுதலை அறிதல் வேண்டும். 2022 மே 30 முதல், வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு வெளி மென்பொருள்கள் தனிநபர் கணக்கினுள் நுழைவதைக் கூகுள் நிறுத்திவிட்டது. ஹாட்மெயில், அவுட்லுக்.காம் ஆகிய தனிநபர் கணக்குகளில் மைக்ரோசாப்டும் 2024 செப்டம்பர் 16 முதல் அவ்வாறே செய்தது. அதற்குப் பதிலாக 'ஓஆத்2' என்னும் முறை வந்துள்ளது. அஞ்சல் நிறுவனத்தின் பக்கத்திலேயே நாம் ஒருமுறை நுழைந்து சம்மதம் தெரிவித்தால், மென்பொருளுக்கு ஓர் அனுமதிச் சீட்டு வழங்கப்படும். பட்டியலில் சேமிக்கப்படுவது அச்சீட்டே. ஆகவே கணக்கின் அமைப்பில் பெறுதல், அனுப்புதல் இரண்டிற்கும் 'ஓஆத்2' என்று தேர்ந்திருக்க வேண்டும். தண்டர்பேர்டில் 'குக்கி'களை ஏற்காதவாறு தடுத்து வைத்திருந்தால் அச்சம்மதப் பக்கம் நிறைவேறாது. இச்சிறு தடையினால் நாட்கணக்கில் திண்டாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜிமெயில் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் சீட்டும் செல்லாது போகும். அப்பொழுது மீண்டும் ஒருமுறை கேட்பது குறையன்று, முறையே.

இப்பொழுது அந்தச் செயலரின் கதைக்கு வருகிறேன். நான் வந்து ஒரு மாதம் சென்று, "உங்கள் அஞ்சற்பெட்டி நிரம்பிவிட்டது, கடவுச்சொல்லை உறுதி செய்யவும்" என்று ஒரு கடிதம் அவருக்கு வந்தது. அதிலிருந்த இணைப்பைத் தொட்டதும், வழக்கமாகக் கேட்பது போன்ற ஒரு பக்கம் தோன்றியது. தினம் கொடுத்துப் பழகிய கை அன்றும் கொடுத்துவிட்டது. மூன்றாம் நாள், டெபாசிட் தொகையை வேறொரு வங்கிக் கணக்கில் செலுத்துமாறு பஞ்சாயத்தின் முகவரியிலிருந்தே ஒப்பந்தக்காரர்களுக்குக் கடிதங்கள் சென்றன. அவர்களுள் ஒருவர் ஐயுற்றுத் தலைவருக்குத் தொலைபேசியில் பேசினார். அதனால் ஒருவர் பணமும் போகவில்லை. போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

இம்முறை நான் உடனிருந்தேன். வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றினோம். ஏனைய கருவிகள் அனைத்திலிருந்தும் கணக்கை வெளியேற்றினோம். அஞ்சலின் அமைப்புகளைப் பார்த்தபொழுது, வரும் கடிதங்கள் யாவற்றிற்கும் ஒரு நகல் அறியாத முகவரிக்குச் செல்லுமாறு ஒரு கட்டளை இடப்பட்டிருந்தது. அதையும் நீக்கினோம். கடவுச்சொல்லை மாற்றியதோடு நின்றிருந்தால் இக்கட்டளை அப்படியே இருந்திருக்கும்.

அதன்பின் பட்டியலைச் சோதித்தோம். மாலையில் இருந்த வரிகள் காலையில் இல்லை. முன்பு கணினியைப் பழுதுபார்க்க வந்தவர் நிறுவிய சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்று, கணினி தொடங்கும்போதெல்லாம் இயங்கிக்கொண்டிருந்தது. அதில் சேமித்த கடவுச்சொற்கள் என்ற கட்டத்திலிருந்த அடையாளத்தை எடுத்துவிட்டோம். பலர் வந்து அமரும் கணினியாதலால், தண்டர்பேர்டில் 'பிரைமரி பாஸ்வேர்டு' என்னும் மேற்பூட்டையும் இட்டோம். திறக்கும்போது அதை மட்டும் ஒருமுறை கேட்கும். அந்தச் சொல் எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. செயலர் அதைத் தலைவர் முன்னிலையில் ஓர் உறையிலிட்டு ஒட்டி, காரியாலய இரும்பு அலமாரியில் வைத்திருக்கிறார்.