பெரிய கம்ப்யூட்டர் வந்தால் கணக்கு அடங்கிவிடுமா?

“சார், நேன் வந்துருச்சு. நம்ம மிஷின் பத்தாது சார்.” நேன் (NaN) என்றால், கணக்கு கட்டுமீறி வெடித்து, விடை எண்ணாகவே இல்லாமல் போவது. செல்லூரில் என்னிடம் எண்முறைக் கணிதம் படிக்க வரும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை, பாடம் நடத்துகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். 2024 செப்டம்பரில் புணேயில் ‘அர்கா’வும் நொய்டாவில் ‘அருணிகா’வும் ஆகிய மீக்கணினிகள் தொடங்கிவைக்கப்பட்ட பிறகு, இனி எந்தக் கணக்கும் வெடிக்காது என்று ஒரு பேச்சு. வானிலைக்கு அவை நல்ல இயந்திரங்கள். ஆனால் வெடிக்கிற சூத்திரத்தை அவற்றில் ஏற்றினால் இன்னும் வேகமாக வெடிக்கும், அவ்வளவுதான்.

தாளை எடுங்கள். உதாரணத்துக்கு, மேல் வளிமண்டலத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கின் அடுத்த வெப்பநிலையை அதன் பக்கத்து அடுக்குகளின் இப்போதைய மதிப்பிலிருந்து கணிப்பதுதான் எளிய முறை. வெப்பம் பரவும் அளவைச் சொல்லும் விரவல் கெழுவைக் காலப்படியால் (ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தால்) பெருக்கி, அடுக்குத் தடிமனின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் அரையைத் தாண்டக் கூடாது. தாண்டி 1 ஆனது என்று வையுங்கள். ஓர் அடுக்கில் கூட ஒன்று, அடுத்ததில் குறைய ஒன்று என்று மாறி மாறி நிற்கும் பிழை அடுத்த படியில் 3 மடங்காகும். பிறகு 9, 27, 81. பத்தாவது படியில் 59,049.

“டபுள் பிரிசிஷன் போட்டால் சரியாகிவிடும்” என்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். சிங்கிளில் ஏழாவது தசம இடத்தில் கிடக்கும் பிழை சுமார் 15 படியில் ஒரு பாகையாகிவிடும். டபுளில் பதினாறாவது இடத்தில் தொடங்குவது 34 படியில் அங்கே வந்து நிற்கும். கூடுதலாகக் கிடைத்தது 19 படி. ஒரு நாள் கணிப்புக்கே ஆயிரக்கணக்கான படிகள் வேண்டும்.

மேல் வளிமண்டலத்தில் இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு கடுமை? 100 கி.மீ. உயரத்தில் இருப்பதைவிட 400 கி.மீ.யில் காற்றின் அடர்த்தி லட்சம் மடங்குக்கும் மேல் குறைவு. அடர்த்தி குறையக் குறைய மூலக்கூறு விரவல் ஏறுகிறது. 10 கி.மீ. தடிமனுள்ள அடுக்கு என்றால் கீழே நாள் கணக்கில் காலப்படி வைக்கலாம். மேலே சில நொடிகள்தான். மேலடுக்கு ஒன்றுக்காக முழு மாதிரியும் நொடி நொடியாக நகர வேண்டும். தடிமனைப் பாதியாக்கினால் அடுக்குகள் இரட்டிப்பு, காலப்படி கால்பங்கு, ஆக வேலை எட்டு மடங்கு. எத்தனை கோடி கொடுத்து எந்த இயந்திரத்தை வாங்கினாலும் இந்தப் பெருக்கம் தின்றுவிடும்.

தீர்வு சூத்திரத்தில் இருக்கிறது. பக்கத்து அடுக்குகளின் இப்போதைய மதிப்பை விட்டுவிட்டு, வரப்போகும் மதிப்பை வைத்து எல்லா அடுக்குகளையும் ஒருசேரத் தீர்க்க வேண்டும். மேலே மூன்று மடங்கான அதே பிழை இங்கே ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். கிராங்க்கும் நிக்கல்சனும் வெப்பம் கடத்தலுக்கு இந்த வகை முறை ஒன்றை வெளியிட்டது 1947-இல். அமெரிக்காவின் வளிமண்டல ஆய்வு மையமான என்.சி.ஏ.ஆர். உருவாக்கிய டை-ஜி.சி.எம். என்ற மேல் வளிமண்டல மாதிரியும் செங்குத்து விரவலை இப்படித்தான் கையாள்கிறது. நம் அடுக்குக் கணக்குக்குப் பழைய லேப்டாப் போதும்.

துருவத்தில் வேறு சிக்கல். தீர்க்கரேகையில் 2.5 பாகை இடைவெளி நிலநடுக்கோட்டில் 278 கி.மீ.; 88.75 பாகை அட்சத்தில் வெறும் 6 கி.மீ. இடைவெளி குறுகினால் காலப்படியும் குறுக வேண்டும் என்பதால், அங்கே குட்டி அலைகளை வடிகட்டித்தான் மாதிரியை ஓட்டுகிறார்கள்.

அடுத்த நம்பிக்கை: வெடிக்கவில்லையென்றால் விடை சரி. தவறு. காலப்படியைக் கண்டபடி நீட்டினால் பிழையோடு நிஜ அலையும் அழிந்துபோகும். நம் தலைக்கு மேல் சுமார் 105 கி.மீ. உயரத்தில் ஓடும் நிலநடுக்கோட்டு மின்னோட்டம் மெல்லிய அடுக்கு. இப்படி மழுங்கிய மாதிரியில் அது வலுவிழந்து தெரியும். திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது, கொடைக்கானலில் பல பத்தாண்டுக் காந்த அளவீடு இருக்கிறது. அவற்றோடு ஒப்பிடாத விடையை விடை என்று சொல்லாதீர்கள்.

1922-இல் ரிச்சர்ட்சன் வெளியிட்ட முதல் எண்முறை வானிலைக் கணிப்பு பொய்த்தது காலப்படி நீண்டதால் என்பதும் தவறு. ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் மாற்றம் என்று அவருக்கு வந்ததற்கு முதன்மைக் காரணம், தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒத்துப்போகாததுதான்.

இந்த உயரத்துக் காற்றால் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு: 2022 பிப்ரவரியில் காந்தப் புயலால் மேல் காற்று தடித்து, ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 திரும்பி விழுந்தன.

நம் கல்லூரிகளில் எண்முறைச் செய்முறைத் தேர்வு ஆயத்த மென்பொருளில் பொத்தானை அழுத்துவதோடு முடிகிறது. அதை மாற்றக் கோரி எழுதிக்கொண்டே இருப்பேன். நான் கேட்கும் தேர்வு இது: ஐந்து அடுக்குகள், நுனி இரண்டிலும் நிலையான வெப்பநிலை. மேற்சொன்ன இரண்டு முறையிலும் நான்கு படி, கால்குலேட்டர் இல்லாமல், பேனாவால். மாணவர் அதைச் செய்துகாட்டிய பிறகு கணினி ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள்.