பள்ளியில் சீண்டலுக்கு ஆளாகும் பிள்ளைகள்

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை அந்த வலி வராது. சோம்பேறித்தனம் என்று அதட்டி அனுப்பிவிடுகிறோம். அதட்டுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: வகுப்பில் யாராவது இப்பிள்ளையைத் தொடர்ந்து சீண்டுகிறார்களா?

எங்கள் கங்காதர நெல்லூர்ப் பக்கம் பல வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளியிலோ தெலுங்கு. தமிழைத் தெலுங்கர்கள் 'அரவம்' என்பது பழைய வழக்கு; அதில் குற்றமில்லை. அதையே பட்டப்பெயராக்கி ஒரு பிள்ளையின் பின்னால் நாள்தோறும் நாலு பேர் கூவும்போதுதான் அது கொடுமையாகிறது. (சென்னையில் நம்மவர்கள் தெலுங்குப் பிள்ளைகளைக் 'கொல்டி' என்பதும் இதே ரகம்தான்.)

விளையாட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நார்வே நாட்டில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். சக மாணவர்களின் கொடுமையே காரணம் எனக் கருதப்பட்டு, மறு ஆண்டு நாடு முழுவதும் தடுப்பு இயக்கம் தொடங்கியது. அதில் முன்னின்ற டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க இயலாதவரிடம் செய்வது.

திரும்பத் திரும்ப என்பதை எங்கள் ரயில்வேக்காரர்கள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். தண்டவாளம் பெரும்பாலும் ஒரே அடியில் உடைவதில்லை. சக்கரங்கள் ஏறி ஏறி இறங்க, உள்ளே சிறு கீறல் விழுந்து மெல்ல வளரும். மேலே பளபளவென்றுதான் இருக்கும். அல்ட்ராசோனிக் கருவியை உருட்டிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

பிள்ளைக்குள் விழும் கீறல் எவ்வளவு காலம் இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு நீண்ட ஆய்வு உண்டு. 1958 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை ஆராய்ச்சியாளர்கள் ஆயுள் முழுதும் பின்தொடர்ந்து வந்தனர். 7 வயதிலும் 11 வயதிலும் கொடுமைக்கு ஆளானவர்கள் 50 வயதில் எப்படி இருக்கிறார்கள் என்று லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 2014இல் வெளியிட்டனர். அடிக்கடி கொடுமைப்பட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருந்தன, படிப்பு குறைந்திருந்தது, துணையும் நட்பும் குறைவு. குடும்ப நிலை, அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இதே முடிவு. 'வளர்ந்தால் மறந்துவிடுவான்' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிள்ளை ஏன் சொல்வதில்லை? கோழைத்தனம் என்று நினைக்கக் கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் பேசாமல் இருக்கிறது. நாங்குநேரியில் நடந்ததைப் பாருங்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். பள்ளியில் விசாரித்தபோது உண்மையைச் சொன்னார். 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அடுத்த ஆண்டு அந்த மாணவர் பிளஸ் டூவில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையும் 2024 ஜூனில் வந்தது.

இதிலிருந்து எனக்குத் தெரிவது, புகார் கொடுத்த பிறகுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு அதிகம் தேவை. எனவே பெற்றோர் தலைமையாசிரியரைத் தனியே பார்த்து, பிள்ளையின் பெயர் வகுப்பில் வெளிவராமல் விசாரிக்கக் கேட்க வேண்டும். பள்ளி விட்டு வரும் வழியில் யார் துணை, பேருந்தில் எந்த இடம் என்பதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும். 'நீயும் திருப்பி அடி' என்று சொல்லி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை; நாலு பேரை ஒருவன் எப்படி அடிப்பான்?

வீட்டில் நேராகக் கேட்டால் பதில் வராது. மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். தெரிந்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளியில் பேசும்போது உதவும். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. அதில் தமிழிலேயே பேசலாம்.