தள்ளாத வயதிலும் தளராத கைங்கர்யம்

ஸ்ரீ:



ஸந்நிதியில் நின்று தீர்த்தமும் ஸ்ரீசடாரியும் ஸாதிக்கும் அர்ச்சகனுக்கு ஆண்டுதோறும் ஒரு காட்சி கிடைக்கிறது. ஓர் உத்ஸவத்தில் தாமே படியேறி வந்து ஸேவித்த பெரியவர், மறு உத்ஸவத்தில் பிள்ளையின் தோளைப் பற்றிக்கொண்டு வருகிறார். அதற்கடுத்த உத்ஸவத்தில் பிள்ளை மட்டும் வருகிறார். "அப்பாவுக்கு முன்போல் தள்ளவில்லை, துளஸியும் தீர்த்தமும் ஸாதித்தால் கொண்டுபோய்க் கொடுப்பேன்" என்கிறார். எம்பெருமானை ஸேவிக்க வேண்டுமென்ற ஆசை அந்தப் பெரியவருக்குக் குறைந்துவிடவில்லை. கால்களே அவரைக் கைவிட்டன. இதனை முழுதும் வயதின் செயல் என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மையே. மற்றப் பாதி நம் கையில் இருக்கிறது என்பதை விண்ணப்பிக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

உடலுக்கு இரண்டு பெயர்கள்

பாடசாலையில் எங்கள் ஆசார்யர்கள் இரண்டு சொற்களுக்குப் பொருள் கூறுவார்கள். 'சரீரம்' என்றால் தேய்ந்து அழிவது. 'தேஹம்' என்றால் சேர்ந்து வளர்வது. ஒரே உடலுக்கு இவ்விரண்டு பெயர்களும் பொருந்துகின்றன. இளமையில் தேஹம், முதுமையில் சரீரம் என்று நாம் பிரித்துக்கொள்கிறோம். ஆனால் கடைசி மூச்சு வரையில் இரண்டு வேலையும் உடலில் நடந்துகொண்டேயிருக்கின்றன. பயன்படுத்தாத தசை தேய்கிறது. பயன்படுத்திய தசை எவ்வயதிலும் ஓரளவு வளர்கிறது. 1990ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க மருத்துவர்கள், முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய சிலருக்கு எட்டு வாரங்கள் கால்களுக்கு முறையான பயிற்சி அளித்தனர். அவர்களுடைய கால்வலிமை இரு மடங்குக்கு மேலாகப் பெருகியது. தொண்ணூறில் இயலுமாயின் அறுபதில் இயலாதென்பது எங்ஙனம்?

ஐந்து காலங்கள்

ஸ்ரீபாஞ்சராத்ர சாஸ்த்ரம் ஒரு நாளை அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என்று ஐந்து காலங்களாகப் பகுத்திருக்கிறது. ஸ்வாமி வேதாந்த தேசிகன் தமது பாஞ்சராத்ர ரக்ஷையில் இவற்றை விரிவாக நிரூபித்தருளினார். இம்முறை பகவதாராதனத்துக்காக ஏற்பட்டதேயன்றி தேக ஆரோக்யத்துக்காக ஏற்பட்டதன்று. ஆயினும் இதனைப் பின்பற்றும் முதியவருடைய நாளில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் பொழுது மிகக் குறைவு. ஆகவே இவ்வைந்தையே படிகளாகக் கொண்டு மேலே செல்வோம்.

1. அபிகமனம்

விடியற்காலையில் எழுந்து, நீராடி, எம்பெருமானை அணுகும் காலம் இது. முதியவர்கள் இங்கேயே கவனமாயிருத்தல் வேண்டும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்வோருக்கு இது இன்னும் எளிதில் நேரும். ஆகவே கண் விழித்ததும் ஒருக்களித்துப் படுத்து, பின் கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, திருநாமங்களைச் சிறிது நேரம் அநுஸந்தித்த பிறகு எழுந்திருத்தல் நலம்.

குளியலறையின் ஈரத்தரையே பல குடும்பங்களில் பெரியவர்களைப் படுக்கையில் தள்ளியது. அங்கே ஒரு கைப்பிடியைச் சுவரில் பதித்துவைப்பதும், தரையை உலர வைப்பதும் பெரிய செலவன்று. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால், பலர் பழைய நடையைத் திரும்பப் பெறுவதேயில்லை.

2. உபாதானம்

ஆராதனத்துக்கு வேண்டிய புஷ்பம், துளஸி, தீர்த்தம் முதலியவற்றைச் சேகரிக்கும் காலம். குனிந்து பறித்தல், கையை உயர்த்திக் கொய்தல், நீர் சேந்துதல், நிமிர்ந்து சுமந்துவருதல் என்று உடலின் எல்லா மூட்டுகளும் இதில் வேலை பெறுகின்றன. இங்கே அடியேன் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும்.

அடியேனுடைய திருத்தகப்பனார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஸந்நிதியில் கைங்கர்யம் செய்தவர். 2001ஆம் ஆண்டில், அவருடைய அறுபத்தெட்டாவது வயதில், ஒருநாள் திருமஞ்சனக் குடத்துடன் படியில் சற்றுத் தடுமாறினார். கீழே விழவில்லை. ஆனால் அடியேன் அஞ்சிப்போய், "இனி நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நான் இருக்கிறேன்" என்று குடத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அன்றுமுதல் வீட்டில் அவருக்கு ஸகல உபசாரமும் நடந்தது. துளஸியைப் பேரன் பறித்தான். காப்பி சாய்வு நாற்காலிக்கே வந்தது. எழுந்து கொடிக்கயிற்றிலிருந்து வேஷ்டியை எடுக்கவும் விடமாட்டோம். இதனையெல்லாம் பித்ரு பக்தி என்றே எண்ணியிருந்தோம்.

ஒன்றரை ஆண்டில் அவரை நாற்காலியிலிருந்து எழுப்ப இருவர் வேண்டியிருந்தது. ஒருநாள் தூக்கி நிறுத்தும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "குடத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கக் கூடாதா? கால்களையும் சேர்த்தல்லவா வாங்கிக்கொண்டுவிட்டாய்!" அவர் கோபித்துக்கொண்டிருந்தால் அடியேன் மறந்திருப்பேன். சிரித்ததனால் இன்றளவும் மறக்க இயலவில்லை.

ஸந்நிதிக்கு ஸேவிக்க வந்த மருத்துவர் ஒருவர் அவரைப் பரிசோதித்துவிட்டு, "இவருக்கு நோய் ஒன்றும் தென்படவில்லை, வேலை இல்லாததே நோய்" என்றார். அவர் சொன்னபடி, தினமும் தூணைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழச் செய்தோம். பின்னர் பத்து முறையாயிற்று. முற்றத்தில் நடை தொடங்கியது. ஆறு மாதத்தில் தாமே துளஸி வனத்துக்கு நடந்தார். குடத்தை மறுபடி அவரால் தூக்க இயலவில்லை. போன வலிமை முழுதும் திரும்பிவிடவில்லை. ஆனால் எழுபத்தொன்பதாவது வயதில் ஆசார்யன் திருவடி அடையும் வரையில், பெருமாளுக்கு ஸாற்றும் துளஸி மாலை அவர் கையால் கட்டியதாகவே இருந்தது.

பிள்ளைகளே, மருமகள்களே! பெரியவர்களிடமிருந்து ஆபத்தான வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா வேலையையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். வாங்கிய ஒரு வேலைக்கு ஈடாக எளிய வேறொரு வேலையை அவர்கள் கையில் கொடுங்கள்.

உலக ஸுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வாரத்துக்கு 150 நிமிஷங்களாவது சற்று வேகமான நடை போன்ற உழைப்பும், இரண்டு நாள்களாவது தசைகளுக்கு வலிமை தரும் பயிற்சியும் வேண்டும். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு, வாரத்தில் மூன்று நாள்களாவது உடல் தள்ளாடாமல் நிற்பதற்கான பயிற்சியும் வேண்டும். நாளொன்றுக்கு அரைமணிக்கும் குறைவான நேரம் ப்ராகாரத்தை ப்ரதக்ஷிணம் செய்தாலே முதற்பகுதி நிறைவேறிவிடும். தூணைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்பது மூன்றாவதற்கு நல்ல தொடக்கம்.

3. இஜ்யை

திருவாராதனமும், அதன்பின் ப்ரஸாதம் ஸ்வீகரிப்பதும் இக்காலம். தரையில் அமர்ந்து, தெண்டன் ஸமர்ப்பித்து, எழுந்திருப்பது தொடைக்கும் முழங்காலுக்கும் சிறந்த பயிற்சி. முழங்கால் தேய்ந்தவர்கள் தங்களை வருத்திக்கொண்டு விழுந்து ஸேவிக்க வேண்டியதில்லை. நின்றபடி அஞ்ஜலி செய்தாலும் எம்பெருமான் ஏற்றருளுகிறான். நாற்காலியில் அமர்பவர்களும் கைகளை ஊன்றாமல் எழுந்திருக்கப் பழகினால், அதுவே பயிற்சியாகிவிடும்.

ஆஹார விஷயத்தில், மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதிருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதாசார்யன் ஆறாவது அத்யாயத்தில் அருளிச்செய்தான். முதியவர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். சிலர் பல் இல்லை, பசி இல்லை என்று ரஸம் சாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தசை வளரப் பருப்பும், பயறும், பாலும், தயிரும் நாள்தோறும் வேண்டும். குழைய வேகவைத்தால் பல் ஒரு தடையாகாது. வேறு சிலருக்கு ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் உள்ளே இறங்குவதில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்பது மருத்துவர் கணக்கு. சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் பெருமாள் ப்ரஸாதமே. ஆனால் ஒரு கவளத்திலும் ப்ரஸாதத்தின் மஹிமை முழுமையாக இருக்கிறதென்பதை மறவாதீர்கள்.

ஏகாதசி உபவாஸம் இருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்ஸுலினோ எடுத்துக்கொண்டு உண்ணாதிருந்தால், இரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம். மருத்துவரைக் கேளாமல் இதனைச் செய்யலாகாது. வ்ருத்தர்களுக்கும் நோயாளர்களுக்கும் பால், பழம் முதலியவற்றை அநுகல்பமாக சாஸ்த்ரமே அநுமதித்திருக்கிறது. சாஸ்த்ரம் காட்டிய கருணையை நாம் மறுப்பது பக்தியாகாது.

4. ஸ்வாத்யாயம்

பிற்பகலில் கற்பதும், கற்றதைச் சிந்திப்பதும், பிறருக்குச் சொல்வதும் இக்காலத்துக்குரியவை. உடலைப் போலவே புத்தியும் பயன்படுத்தாவிடில் மங்குகிறது. ஏற்கெனவே தெரிந்த பாசுரங்களைச் சொல்வது நன்று. தெரியாத ஒரு பாசுரத்தை வாரந்தோறும் நெட்டுருச் செய்வது அதனினும் நன்று. பேரக் குழந்தைக்குக் கற்பித்தால் இருவருக்கும் பயன்.

கோஷ்டியில் சேர்ந்து ஸேவிப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. தனிமையும் காது மந்தமும் முதுமையின் மறதி நோய்க்கு வழிகோலும் காரணங்களுள் சேர்ந்தவை என்று மருத்துவ அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். காது கேளாதவர் கூச்சத்தால் கோஷ்டியை விட்டு விலகுகிறார். விலகியதால் புத்தி மங்குகிறது. மூக்குக்கண்ணாடி அணிவதில் இல்லாத வெட்கம் காதுக்கருவி அணிவதில் மட்டும் ஏன்? கண்புரையையும் காலத்தில் அகற்றிக்கொண்டால், திருமேனி ஸேவையும் தெளிவாகும். படியில் கால் தவறுவதும் குறையும்.

5. யோகம்

இரவில் எம்பெருமானைத் தியானித்து உறங்கும் காலம். பகலில் நெடுநேரம் உறங்குவதும், பிற்பகலுக்குப் பின் காப்பி பருகுவதும் இரவு நித்ரையைக் கெடுக்கும். இரவில் எழுந்து செல்லும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். மிதியடி, பாய், கயிறு எதுவும் வழியில் கிடக்கலாகாது.

பெரியாழ்வார், அந்திம காலத்தில் இளைத்துக் கிடக்கும்போது நினைக்க இயலாமற் போகக்கூடுமென்று கருதி, நினைவு தெளிவாயிருக்கும் காலத்திலேயே திருவரங்கநாதனிடம் தம் விண்ணப்பத்தைச் செய்து முடித்தார். இது உயிருக்கு மட்டுமன்றி உடலுக்கும் பாடமாகும். நடக்க வேண்டியதைக் கால் இருக்கும்போதே நடக்க வேண்டும்.

உத்ஸவத்தில் கவனிக்க வேண்டியவை

நண்பகல் வெயிலில் ப்ராகாரத்துக் கற்கள் கொதிக்கும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமலே கால் வெந்துவிடும். அவர்கள் காலையிலோ மாலையிலோ ப்ரதக்ஷிணம் செய்து, விடுதிக்குத் திரும்பியதும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுமையில் தாகம் சரியாகத் தெரியாது. தாகம் எடுக்காவிடினும் அவ்வப்போது நீர் பருகுங்கள். நீரின் அளவை மருத்துவர் வரையறுத்திருந்தால் அந்த அளவை மீறாதீர்கள். வேளை தவறாமல் மாத்திரையை உட்கொண்டு, அதன் பெயரையும் வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமலைக்கு அலிபிரி வழியில் 3,550 படிகள். சோளஸிம்ஹபுரம் பெரிய மலைக்கு 1,305 படிகள். ஏற ஆசையுள்ளோர் மூன்று மாதங்களுக்கு முன்னரே மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வீட்டு மாடிப்படியில் சிறுகச் சிறுகப் பழகுங்கள். ஏறும்போது மார்பில் இறுக்கமோ, மிகுந்த வியர்வையோ, மூச்சுத் திணறலோ கண்டால் அக்கணமே நின்று உதவி கேளுங்கள். சோளஸிம்ஹபுரத்தில் 2024ஆம் ஆண்டில் கம்பிவட ஊர்தியும் ஏற்பட்டிருக்கிறது. அதில் ஏறிச் சென்று ஸேவிப்பவருக்கும் எம்பெருமான் அதே நரஸிம்ஹனே.

தோளைப் பற்றுவதற்கும் கோலை ஊன்றுவதற்கும் கூச வேண்டாம். நூற்றிருபது திருநக்ஷத்ரம் எழுந்தருளியிருந்த எம்பெருமானார், காவேரிக்கு நீராட எழுந்தருளும்போது முதலியாண்டானையும், நீராடித் திரும்பும்போது பிள்ளை உறங்காவில்லி தாஸரையும் பற்றிக்கொண்டு நடந்தார் என்று பூர்வர்கள் ஸாதிப்பார்கள். அவர் துணையைக் கொண்டார், நடையை விடவில்லை.

அடியேனுக்கும் ஐம்பத்தேழு வயதாகிவிட்டது. கர்ப்பக்ருஹத்தில் உட்கார்ந்து எழும்போது முழங்கால் முன்போல் ஒத்துழைப்பதில்லை. பிள்ளை குடத்தைக் கேட்கிறான். "பாதியளவு நிரப்பிக் கொடு, ஆனால் கொடு" என்று சொல்லியிருக்கிறேன். தேவரீர்களும் அங்ஙனமே தங்கள் தங்கள் சிறு குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரும் உத்ஸவத்துக்கும் தாமே நடந்து எழுந்தருள வேண்டுமென்று பெருமாள் திருவடிகளில் ப்ரார்த்திக்கிறேன்.

இங்ஙனம்,
அடியேன்,
ஸந்நிதி கைங்கர்யபரன்

சுபம்