ஒருவர் சறுக்கினால் எல்லோரும் சிக்க வேண்டுமா?

திருத்துறைப்பூண்டியில் ஓய்வு கிடைக்கும் மாலைகளில் நாங்கள் சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாட்டம் ஆடுகிறோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழிவந்த ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்வோம். கைகூடுமா என்று தெரியாத இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவோம். கதை நடத்துவது நான். எங்கள் கதைகளில் டிராகன் அதிகம் வருவதில்லை. வேதாரண்யம் உப்பு யாத்திரை வரும்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பிய தொண்டர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் வேதாரண்யம் போனார்கள். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் அறிவித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கூட்டாகச் செய்யும் காரியத்தை ஆடிப் பார்க்க இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியாது. நான்கு பேர், கும்மிருட்டு, கையில் பொட்டலம், சாலையில் போலீஸ்.

இந்த நால்வரும் கண்ணில் படாமல் புளியமரத்தடிக்குப் போக வேண்டும். எல்லோரையும் உருட்டச் சொல்லி, ஒருவர் தவறினாலும் கூட்டமே சிக்கியது என்று வைத்தால் என்ன ஆகும்? ஆளுக்கு 60 சதவீத வாய்ப்பு இருந்தாலும் நால்வரும் சேர்ந்து தேறும் வாய்ப்பு 13 சதவீதம்தான். அப்படி ஆடினால் அடுத்த முறை யாரும் பதுங்க முன்வர மாட்டார்கள். மாறாக, யாராவது ஒருவர் தேறினால் போதும் என்று வைத்தால் வாய்ப்பு 97 சதவீதத்துக்கு ஏறிவிடும். பிறகு பகடை எதற்கு?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு சொல்லும் வழி நடுவானது: பாதிப்பேராவது தேறினால் கூட்டம் தேறியது. அதே நால்வருக்கு அது 82 சதவீதம். பதுங்கிப் போவதற்கு நான் கையாள்வது இதைத்தான். ஆனால் எண்ணோடு விடுவதில்லை. தேறியவர், தவறியவரை எப்படிக் காப்பாற்றினார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்வேன். ஒருவர் காய்ந்த பனையோலையில் கால் வைத்துவிட்டதாகக் கதை போனபோது, "அண்ணே, அப்படியே உக்காந்துக்குங்க. நான் மாட்டைத் தேடுற மாதிரி குரல் குடுத்துக்கிட்டே போறேன்" என்றாள் எங்கள் குழுவின் கல்லூரி மாணவி. அதுவரை அதிகம் பேசாதவள். இப்படிக் கூட்டாக உருட்டுவதன் பலனே இதுதான் என்று நம்புகிறேன்: கூச்சப்படுபவருக்கும் பேச ஒரு காரணம் கிடைக்கிறது.

விசாரித்தல், நினைவுபடுத்திப் பார்த்தல் போன்றவற்றுக்கு எல்லோரையும் உருட்ட விடாதீர்கள். அந்த ஊரை அறிந்த பாத்திரம் ஒன்றே உருட்டட்டும். இன்னொருவர் உதவினால் இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 60 சதவீதம் 84 ஆகும், அது போதும்.

ஆற்றங்கரை உடைப்பை அடைக்கும் காட்சி வேறு வகை. அங்கே முன்னால் நின்று "மூட்டையை இங்க போடு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஜான் ஹார்ப்பர் எழுதிய பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டத்தின் விதி இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. எல்லோரும் உருட்டுவார்கள், சிறந்த எண் கூட்டத்துக்குச் சேரும். தவறிய ஒவ்வொருவருக்காகவும் தலைவர் ஓர் அழுத்தப் புள்ளியைச் சுமப்பார். வேலை முடிந்துவிடும், தலைவர் தளர்ந்துவிடுவார். டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. (2018 நவம்பரில் அடித்த கஜா புயலை மட்டும் நான் ஆட்டமாக்குவதில்லை. வீட்டையும் தென்னையையும் இழந்தவர்கள் அதே மேசையில் இருக்கிறார்கள்.)

எந்த விதியை எடுப்பதானாலும், பகடையைத் தொடும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவரின் சறுக்கல் மற்றவர்களை உண்மையில் பாதிக்குமா? தோற்றால் கதை எங்கே போகும்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் உருட்டாமலே வெற்றி என்று சொல்லிவிடுங்கள். தோல்வி என்றால் உடனே கைதுதான் என்றில்லை. ஒரு பொட்டலம் வாய்க்காலில் விழலாம். நாய் குரைத்து, விடியும்வரை வைக்கோல் போருக்குள் இருக்க நேரலாம். ஆட்டம் தொடர வேண்டும்.

இருபது முகப் பகடை நம் ஊர்க் கடையில் கிடைக்கவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளை ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டை உடனே திரும்பப் போட்டுவிட்டால் வாய்ப்புக் கணக்கு இம்மியும் மாறாது.