ஒரே வரியில் சொல்ல வேண்டும், மலர்

மதுரை

அன்புள்ள மலருக்கு,

சுங்குடிச் சேலை விற்க நீ தொடங்கிய இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பெரியம்மா தினமும் எனக்குத் திறந்து காட்டுகிறாள். பார்த்ததில் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் சேலை மட்டும் இருந்தது. பிறகு கவரிங் நகை வந்தது, அடுத்து மூலிகை எண்ணெய், சத்துமாவு, நடுவில் கொடைக்கானல் போன வீடியோ. இப்போது யூடியூபில் சமையலும் தொடங்கப்போகிறாயாம். உன் உழைப்பில் குறையே இல்லை. ராத்திரி வெகுநேரம் பார்சல் கட்டுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஆனால் ‘மலர் என்ன விற்கிறாள்?’ என்று யாராவது கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கே வரவில்லை. உன்னிடம் வாங்கியவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் உன்னைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு வரிதான் வேண்டும்.

ஜவுளிக்கடைக் கல்லாவில் காலமெல்லாம் உட்கார்ந்தவன் என்பதால் முதலீட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். கையிலிருக்கும் சின்ன முதலீட்டை நாலு சரக்கில் பிரித்துப் போட்டால் எதிலும் கேட்டது இருக்காது. விலைபோகாத சரக்கில் பணம் முடங்கும். இணையத்தில் பார்ப்பவர்களின் கவனமும் அப்படித்தான் சிதறும். சேலைக்காக உன்னைப் பின்தொடர்ந்தவள் சத்துமாவு வீடியோவைத் தள்ளிவிட்டுப் போவாள். பார்த்தவர்கள் நிற்காத வீடியோவை அந்தத் தளமும் மற்றவர்களுக்கு அவ்வளவாகக் காட்டாது.

நீ கடை விரித்திருக்கும் இன்ஸ்டாகிராமே முதலில் ‘பர்பன்’ என்ற பெயரில்தான் இருந்தது. இருக்கும் இடத்தைப் பதிவது, நண்பர்களோடு திட்டம் போடுவது, புள்ளிகள் சேர்ப்பது, படம் போடுவது என்று அதில் ஏகப்பட்ட வசதிகள். மக்கள் விரும்பிப் பயன்படுத்தியது படம் போடுவதைத்தான் என்று கண்ட கெவின் சிஸ்ட்ரோமும் மைக் க்ரீகரும் மற்றதையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். 2010 அக்டோபரில் வெளிவந்த முதல் நாளிலேயே 25,000 பேர் சேர்ந்தார்கள்.

நம் பக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைப் பார். 2018-இல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ தொடங்கிய தாத்தாவும் பேரன்களும் வெட்டவெளியில் அடுப்பு மூட்டினார்கள், அண்டா அண்டாவாகச் சமைத்தார்கள், சமைத்ததைப் பரிமாறினார்கள். இதையே விடாமல் செய்து 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனார்கள்.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். உன் மரம் சுங்குடி. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. துணியைச் சிட்டிகையாகக் கிள்ளி, நூலால் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் அங்கே புள்ளி விழுந்திருக்கும். கைக்கட்டில் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது, துணியும் லேசாகச் சுருங்கி நிற்கும். அச்சடித்ததில் புள்ளிகள் அச்சு அசலாக ஒரே மாதிரி தட்டையாக இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து ஒரு வீடியோ போடு. சாயம் போகுமா, முதல் தடவை எப்படி அலசுவது, ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா என்று உன்னிடம் கேட்கிறார்களே, அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ போடலாம். ஒரே பொருளில் இருந்தால்தான் இந்த விவரமெல்லாம் கைவரும். சுங்குடி என்றதும் உன் பெயர் நினைவுக்கு வரும்.

ஆயுசுக்கும் இதையே விற்கச் சொல்லவில்லை. அமேசான் 1995-இல் புத்தகம் மட்டுமே விற்றது. இசைத்தட்டுக்குப் போனது 1998-இல். ஒன்றில் காலூன்றிய பிறகு நீயும் அடுத்ததைத் தொடு. அப்போதும் உன் வாடிக்கையாளர்கள் கேட்பதையே தொடு.

அதுவரை, ‘இதையும் உன் பக்கத்தில் போட்டு விற்றுக் கொடு’ என்று வருகிறவர்களிடம் தயங்காமல் ‘வேண்டாம்’ என்று சொல். பின்தொடர்வோர் எண்ணிக்கையைத் தினமும் எண்ணாதே. இரண்டாம் முறை வாங்குகிறவர்களின் பெயரையும் அவர்கள் வாங்கிய நிறத்தையும் ஒரு நோட்டில் எழுதி வா. தீபாவளிக்கு எந்த நிறத்தில் எத்தனை சேலை எடுப்பது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்.

அன்புடன்,
பெரியப்பா