புதுத் துப்பாக்கி வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பேரையூர்ப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருப்பதாகவும், பயிர்க்காவலுக்கு உரிமம் எடுத்து, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றைப் புதிதாக வாங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மாசிச் சிவராத்திரி பாரிவேட்டைக்குள் அதைச் சுத்தம் செய்து, குறி தப்பாமல் சுடும்படி ஆக்க வேண்டும், எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வேட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தீர்ந்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட, சில விலங்குகளை வேட்டையாட அனுமதிச் சீட்டு தருவதற்கு அதில் இடமிருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. ஆக, மதுரை மாவட்டத்தில் இன்று வேட்டைக்காலம் என்று ஒன்று கிடையாது. மயிலைச் சுட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 7 ஆண்டு சிறை. முயலும் காட்டுப்பன்றியும்கூட பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவைதான். கோயில் வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிற சாப்டூர்க் காடு 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. உங்கள் உரிமமும் வேட்டைக்கானதன்று. 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சொல்லித்தான் இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சொல்கிறது.

தலைமுறை தலைமுறையாக இந்தத் துப்பாக்கியை நம்பிப் பிழைத்த நரிக்குறவர்களில் பெரும்பாலோர் அதைக் கீழே வைத்துவிட்டு ஊசி, பாசிமணிக்கு மாறினார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்ப்பதற்கே 2023 ஆகிவிட்டது. வயிற்றுப்பாட்டுக்குச் சுட்டவர்களே விட்டுவிட்டார்கள். நிலமும் கிணறும் உள்ள நாம் ஆசைக்குச் சுடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை, தம்பி.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். எதைத் தொடுவதற்கு முன்னும் குழலில் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டிக்கிற கம்பியைக் குழலுக்குள் அடிவரை இறக்கி, குழல்வாய் மட்டத்தில் கம்பியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அது வெற்றுக்குழலின் அடையாளம். மருந்து கெட்டித்திருந்தால் கோடு மேலே தூக்கி நிற்கும். வீட்டில் யார் எடுத்தாலும் கம்பியை இறக்கிப் பார்க்காமல் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது என்று பழக்குங்கள். நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கி விபத்துகளில் பல, வெற்றுக்குழல் என்று நினைத்துக் கையாண்டதால் வந்தவை.

புதுத் துப்பாக்கி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே பசையாக எண்ணெய் பூசித்தான் அனுப்புவார்கள். அதோடு சுட்டால் மருந்துக் கரியும் எண்ணெயும் சேர்ந்து தார்போலக் குழலில் ஒட்டும். மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு மாட்டுகிற முனையைத் திருகியால் கழற்றி, அதன் துளையையும் குழலையும் துணித்துண்டு கறையில்லாமல் வரும்வரை துடைத்த பிறகே முதல் மருந்தைப் போடுங்கள். குழலில் சோதனை முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கின்றனவா, அந்த எண் உரிமத்தாளில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கருமருந்தில் வெடியுப்பும் கந்தகமும் கரியும் உண்டு. எரிந்தபின் இதில் பாதிக்கும் மேல் வாயுவாகப் போவதில்லை. திடமான உப்புகளாகக் குழலிலும் காற்றிலும் மிஞ்சுகிறது. அந்த உப்புகள் ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிவதுபோல ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரே இரவில் இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். சுட்ட அன்றைக்கே கழுவ வேண்டும் என்பது அதனால்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுக் கெட்டுப்போன குழல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் இந்தக் கரியைக் கரைக்காது. அதில் பெரும்பகுதி உப்பு என்பதால் வெந்நீர் கரைக்கும். முனையைக் கழற்றிவிட்டு, குழலைக் குந்தாவிலிருந்து பிரிக்க முடிந்தால் பிரித்து, அடிப்பக்கத்தைச் சோப்புப் போட்ட வெந்நீர் வாளியில் வையுங்கள். இறுக்கமான துணி சுற்றிய கம்பியை மேலும் கீழும் இழுத்தால், முனைத் துளை வழியே தண்ணீர் ஏறி இறங்கிக் கரியை வாரிக்கொண்டு வரும். பிறகு நல்ல வெந்நீரில் ஒருமுறை அலசுங்கள். இரும்பு சூடாகிவிடுவதால் ஈரம் தானே காய்ந்துவிடும். காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய் பூசி, மறுநாள் வெள்ளைத் துணி ஒன்றை விட்டுப் பாருங்கள். செம்பழுப்பாக வந்தால் மறுபடி கழுவுங்கள்.

நீங்கள் கேட்ட குறிக்கும் இந்தச் சுத்தத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கரி படிந்த குழலில் குண்டு அடிவரை இறங்காது, நடுவில் சிக்கி நிற்கும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும். சுடுகிறவரின் இடது கை அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் இடையே ஈரத்துணி ஒன்றை இறக்கித் துடைத்துவிட்டு, உலர்துணியும் விட்ட பிறகே அடுத்த மருந்து.

இந்தக் கரி வரலாற்றிலும் வேலை செய்திருக்கிறது. 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியும் குழல்வாயில் கெட்டிக்கிற வகைதான். குண்டு வழுக்கி இறங்கவும் கரி இளகவும் அதன் காகிதத் தோட்டாவில் கொழுப்பு தடவினார்கள். அது பசுக்கொழுப்பா, பன்றிக்கொழுப்பா என்ற ஐயம் 1857 கிளர்ச்சிக்கு ஒரு பொறியானது. தங்களுக்கு உகந்த நெய்ப்பைச் சிப்பாய்களே பூசிக்கொள்ளலாம் என்று கும்பினி இறங்கி வந்தபோது காலம் கடந்துவிட்டது.

அந்த என்ஃபீல்டின் குழலில் மூன்று புரிகள் இருந்தன. அவைதான் குண்டைச் சுழலவைத்து நேராக அனுப்பின. உங்களுடையதை ரைஃபிள் என்று எழுதியிருந்தீர்கள். உரிமத்தாளில் எஸ்.பி.எம்.எல். (குழல்வாயில் கெட்டிக்கிற ஒற்றைக்குழல்) என்று இருந்தால் உள்ளே புரியிராத வழுவழுப்பான குழலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் உருண்டைக் குண்டு கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ப விலகிப் போகும். மருந்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவையில் அளந்து போடலாம், குண்டைச் சுற்றுகிற துணியை ஒரே தடிமனில் வெட்டலாம், ஒரே அழுத்தத்தில் கெட்டிக்கலாம். இவற்றால் சூடுகள் நெருங்கி விழும். ஆனாலும் இது தூரக்குறிக்கான கருவி அன்று. இருட்டில், ஆள் நடமாடுகிற காட்டுப் பாதைப் பக்கம் இதில் குண்டு போட்டுச் சுடுவதை என்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாது.

பன்றியை விரட்ட ஓசை போதும். குண்டும் ரவையும் இல்லாமல் மருந்து மட்டும் போட்டால் வரும் சத்தத்துக்கே கூட்டம் கலையும். அடைப்பாக வைக்கிற நாரோ காகிதமோ கனன்றபடியே வெளியே விழும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். காய்ந்த சோளத்தட்டையில் விழுந்தால் பன்றி விட்டுவைத்ததும் போய்விடும். கேப்பு வெடித்தும் மருந்து பற்றாவிட்டால், குழல்வாயை ஆளில்லாத பக்கமே பிடித்தபடி ஒரு நிமிடமாவது பொறுங்கள். மருந்து தாமதமாகப் பற்றுவதுண்டு.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். சிவகாசி நமக்குப் பக்கம். பட்டாசு மருந்து எளிதாகக் கிடைக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அலுமினியத் தூள் கலந்த அந்த மருந்தைக் குழலில் போட்டால் அது குண்டைத் தள்ளாது, குழலையே பிளக்கும். தோட்டாவைப் பிரித்தெடுத்த புகையில்லா மருந்தும் அப்படியே. உரிமத்துக்கு விற்கிற கருமருந்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பன்றித் தொல்லை உண்மையானது, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடுவார்கள். அந்த வேலை அவர்களுடையது. உங்கள் வயல் எந்தத் தொலைவில் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, சேதத்தைப் படமெடுத்து மனுவோடு கொடுங்கள். இழப்பீட்டுக்கும் அந்த மனுதான் ஆதாரம்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கழுவி, உலர்த்தி, வழக்கத்தைவிடக் கூடுதலாக எண்ணெய் பூசி ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அந்த எண்ணெயைத் துடைத்தெடுத்த பிறகே மருந்து.

கேப்பு முனை கையோடு கழன்று வருகிறதா, துருவேறி இறுகியிருக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இறுகியிருந்தால் நீங்களே சுத்தியல் போடாமல், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொடுத்துக் கழற்றுவதுதான் முறை.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்,
மதுரை