தோலுக்கடியில் ஓர் எண்

மைக்ரோசிப் பொருத்திய நாய் ஒன்று காணாமற்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அது எங்கே திரிகிறது என்பதை வீட்டிலிருந்தபடியே அறிய முடியுமா? முடியும் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 ஏப்ரல் முதலும், வளர்ப்புப் பூனைகளுக்கு 2024 ஜூன் முதலும் மைக்ரோசிப் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சுமார் 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட சிறு கண்ணாடிக் குழல் அது. ஏறக்குறைய ஓர் அரிசி மணியின் அளவு. அதனுள் ஃபெரைட் தண்டின் மேல் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச்சுருளும், ஒரு சிலிக்கான் சில்லும் உள்ளன. மின்கலம் இல்லை!

மின்கலமின்றி அது எவ்வாறு இயங்குகிறது? 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே காரணம். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் ஒரு கம்பிச்சுருளை வைத்தால் அதில் மின்னோட்டம் உண்டாகும் அல்லவா? படிக்கும் கருவி நொடிக்கு 1,34,200 முறை மாறும் காந்தப்புலத்தை எழுப்புகிறது. அதை விலங்கின் அருகே கொண்டுசென்றதும் சுருளில் மின்னோட்டம் தூண்டப்பட்டுச் சில்லு இயங்கத் தொடங்குகிறது. தன் எண்ணைத் தெரிவிக்கிறது. கருவியை அகற்றினால் அடங்கிவிடுகிறது. சில சென்டிமீட்டர் தொலைவுக்குள்தான் இது நடைபெறும். ஆகவே, தொலைவில் திரியும் நாயை இதனால் தேட இயலாது.

அந்த எண் 15 இலக்கங்கள் கொண்டது. முதல் 3 இலக்கங்கள் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். மற்ற 12 இலக்கங்கள் அந்த விலங்குக்கே உரியவை. உரிமையாளரின் பெயரும் முகவரியும் சில்லில் இல்லை; அவை பதிவேட்டில் மட்டுமே உள்ளன.

கால்நடை மருத்துவர் சற்றுப் பருத்த ஊசி ஒன்றினால், பெரும்பாலும் தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில் சில்லைச் செலுத்துவார். மயக்க மருந்து பொதுவாகத் தேவைப்படாது. ஓரிரு சொட்டு இரத்தம் கசியலாம், சிறிது வீங்கலாம். சில நாள்களில் இவை தணிந்துவிடும். அந்த இடத்தைத் தேய்க்கலாகாது. வீக்கம் பெருகினாலோ சீழ் பிடித்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். பின்னர் சுற்றிலும் திசு வளர்ந்து சில்லை இறுகப் பிடித்துக்கொள்ளும். எனினும் சில விலங்குகளில் அது தோளுக்கோ முன்னங்காலுக்கோ நகர்ந்துவிடுவதுண்டு. ஆதலால் கருவியை உடல் முழுவதும் செலுத்திப் பார்ப்பது நல்லது. ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடம் செல்லும்போது சில்லு இயங்குகிறதா என்று சோதிக்கச் சொல்லலாம்.

நாயைக் கண்டெடுத்தவர் மருத்துவரிடம் கொண்டுவருகிறார்; எண்ணும் தெரிந்துவிடுகிறது. ஆனால் பதிவேட்டில் இருப்பதோ உரிமையாளரின் பழைய தொலைபேசி எண்! அப்போது சில்லு பழுதின்றி இருந்தும் நாய் வீடு திரும்பாமற் போகலாம். விவரங்களைத் திருத்தத் தவறும் உரிமையாளருக்கு இங்கிலாந்தில் 500 பவுண்டு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. வீடு மாறினாலும் தொலைபேசி எண் மாறினாலும், அன்றே பதிவேட்டிலும் மாற்றிவிட வேண்டும்.